சரக்கு கை மாறுற ஒவ்வொரு இடத்துலயும் என்ன பார்க்கணும்: லாஜிஸ்டிக்ஸுக்குப் புதுசா வர்றவங்களுக்கு

சரக்கு குறைஞ்சுதுன்னா எல்லாரும் முதல்ல கேக்குறது "எங்க போச்சு?"ன்னுதான். பெரும்பாலும் அதுக்குப் பதிலே இருக்காது. ஃபேக்டரியில 400 பெட்டி ஏத்துனீங்க, கடைசியில 392 தான் இறங்குச்சுன்னு வச்சுக்கங்க, நடுவுல லாரி, குடோன், யார்டு, கப்பல், மறுபடி லாரின்னு ஆறேழு கை மாறியிருக்கும், அந்த எட்டுப் பெட்டி யார் கையில இருந்தப்ப குறைஞ்சுதுன்னு உங்களால காட்ட முடியலன்னா ஒருத்தரும் பொறுப்பு ஏத்துக்க மாட்டாங்க, எல்லாரும் "எங்ககிட்ட வந்தப்பவே அப்படித்தான் இருந்துச்சு"ம்பாங்க.

பூட்டு, கேமரா, ஜிபிஎஸ் எல்லாம் வேணும்தான், வேணாங்கல. ஆனா சரக்கு கை மாறுற ஒவ்வொரு இடத்துலயும் எண்ணிக்கை, சீல் நம்பர் (கதவுல ஒரு தடவை மட்டும் போடக்கூடிய பூட்டோட நம்பர்), சரக்கோட நிலை, கொடுத்தவர் கையெழுத்து, வாங்குனவர் கையெழுத்து, நேரம், இந்த ஆறும் பதிவாகலைன்னா மத்ததுக்கு எவ்வளவு செலவு பண்ணாலும் க்ளெயிம் வர்ற நாள்ல கையில ஒண்ணும் இருக்காது. அதனால கீழ சொல்றது எல்லாமே அந்தக் கை மாறுற இடங்களைச் சுத்தித்தான் வரும்.

1. முதல்ல வழிய எழுதுங்க

ஒரு பேப்பர் எடுத்து உங்க சரக்கு கிளம்புற இடத்துல இருந்து போய்ச் சேர்ற வரைக்கும் யார் யார் கைக்குப் போகுதுன்னு வரிசையா எழுதுங்க. டிரான்ஸ்போர்ட்டர்னு ஒரே வார்த்தையில முடிச்சுடாதீங்க, அவர் தன் சொந்த லாரிய அனுப்புறாரா இல்ல இன்னொருத்தருக்கு சப் கான்ட்ராக்ட் விடுறாரா, நடுவுல எங்கயாவது லாரி மாத்துறாங்களா, ராத்திரி எங்க நிக்கும், சனி ஞாயிறு வந்தா எங்க நிக்கும், இதையெல்லாம் கேட்டு எழுதணும். இப்படி எழுதும்போதே தெரிஞ்சுடும், நீங்க நாலு கைன்னு நினைச்சது உண்மையில எட்டா இருக்கும்.

அப்புறம் அதுல சரக்கு ஓடாம நிக்கிற இடத்தையெல்லாம் வட்டம் போடுங்க. ஓடுற லாரியில திருடுறது கஷ்டம், நிக்கிற லாரியில ஈஸி. நீளமான லீவுக்கு முந்தின நாள் சாயங்காலம் லோடு பண்ணி யார்டுல விட்டுட்டுப் போற பழக்கம் நிறைய இடத்துல இருக்கு, திருடறவனுக்கு அதை விட வசதியான ஏற்பாடு கிடையாது, மூணு நாள் கழிச்சுத்தான் காணோம்னே தெரிய வரும்.

2. பேக்கிங்

இதுல ரொம்ப நேரம் செலவழிக்கப் போறதில்ல, ரெண்டு மூணு விஷயம் மட்டும். பெட்டி மேல உள்ள என்ன இருக்குன்னு விளம்பரம் பண்ணாதீங்க. போன், மருந்து, காஸ்மெடிக்ஸ், பிராண்ட் ஷூ மாதிரி சீக்கிரம் கை மாத்தி வித்துடக்கூடிய சரக்குன்னா வெளிப்பெட்டி சாதாரண பெட்டியா, வெறும் கோடு நம்பரோட இருந்தாப் போதும். டேப் சாதா பிரவுன் டேப்பா இருந்தா பிரிச்சு திரும்ப ஒட்டினாலும் தெரியாது, பிரிச்சா எழுத்து தெரியுற மாதிரி டேம்பர் டேப் கிடைக்குது, அதை வாங்குங்க. பேலட்ல அடுக்கி ஸ்ட்ரெட்ச் ராப் சுத்துறப்போ நடுவுல இருக்குற பெட்டி போனா வெளிய தெரியாதுங்கிறத ஞாபகம் வச்சுக்கிட்டு, பேலட் வாரியா எடை போட்டு எழுதி வையுங்க.

மரப் பேலட்டா இருந்தா ஐஎஸ்பிஎம் 15 முத்திரை இருக்கான்னு பாருங்க. மரத்தோட நடுப்பகுதி வரைக்கும் 56 டிகிரி சூடு ஏறி 30 நிமிஷம் நின்னிருக்கணும், இல்லைன்னா புகை போட்டிருக்கணும், அதுக்கான முத்திரைதான் அது. இது திருட்டு சம்பந்தப்பட்டது இல்லதான், ஆனா முத்திரை இல்லைன்னு போர்ட்ல சரக்கு நின்னுச்சுன்னா மேல சொன்ன "நிக்கிற சரக்கு" கணக்குல வந்துடும்.

3. சரக்கு எடுக்க வர்றவன் நிஜமாவே உங்க ஆளா?

புதுசா வர்றவங்க அதிகம் ஏமாறுறது இங்கதான். பூட்டை உடைக்கிற திருட்டுக்குப் பயந்து சுவர் கட்டுவாங்க, ஆனா சட்டையில கம்பெனி பேர் போட்டுக்கிட்டு, கையில சரியான ரெஃபரன்ஸ் நம்பரோட, சிரிச்ச முகமா ஒருத்தன் லாரியோட வந்து நின்னா நாமளே ஃபோர்க்லிஃப்ட் வச்சு ஏத்திக் குடுத்துடுவோம். அவன் போனப்புறம் உண்மையான லாரி வரும்.

இது நடக்குற விதம் பெரும்பாலும் இப்படித்தான்: நல்ல பேர் இருக்குற ஒரு டிரான்ஸ்போர்ட் கம்பெனியோட பேர்லயே ஒரு மெயில் ஐடி உருவாக்குவாங்க, ஒரு எழுத்து மட்டும் மாறியிருக்கும். இன்சூரன்ஸ் சர்டிஃபிகேட், லைசென்ஸ் எல்லாம் நகல் எடுத்து அனுப்புவாங்க, ரேட் மத்தவங்களை விடக் கொஞ்சம் கம்மியா இருக்கும், அவசரத்துல நீங்களும் ஓகே சொல்லிடுவீங்க. இல்லைன்னா உங்க டிரான்ஸ்போர்ட்டர் ஒழுங்கானவராவே இருப்பார், அவர் சப் கான்ட்ராக்ட் விட்ட ஆள் இன்னொருத்தனுக்கு விட்டிருப்பான், அந்த மூணாவது ஆள் யாருன்னு யாருக்குமே தெரியாது.

அதனால:

- மெயில்ல வந்த போன் நம்பருக்குக் கூப்பிட்டு வெரிஃபை பண்ணாதீங்க, அது அவனோட நம்பராத்தான் இருக்கும். உங்ககிட்ட பழைய ரெக்கார்டுல இருக்குற நம்பர், இல்ல அரசாங்கப் பதிவுல இருக்குற நம்பருக்குக் கூப்பிடுங்க. இன்சூரன்ஸ் சர்டிஃபிகேட்டுக்கும் அதேதான், சர்டிஃபிகேட்டைப் பாத்து திருப்திப்படாம இன்சூரன்ஸ் கம்பெனியையே கேளுங்க.
- முந்தின நாளே டிரைவர் பேர், லைசென்ஸ், வண்டி நம்பர், டிரெய்லர் நம்பர், ஒரு போட்டோ வாங்கி வச்சுக்கங்க. கேட்டுல வந்து நிக்கிற ஆளும் வண்டியும் அதோட பொருந்தணும்.
- உங்க எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாம சப் கான்ட்ராக்ட் விடக்கூடாதுன்னு அக்ரிமென்ட்ல போடுங்க.
- ஒவ்வொரு பிக்கப்புக்கும் புது கோடு ஒண்ணு டிரான்ஸ்போர்ட்டர் ஆபீஸுக்கு மட்டும் குடுங்க, டிரைவர் கேட்டுல அதைச் சொல்லணும்.

பொருந்தலைன்னா லோடு இல்ல. டிரைவர் மாறிட்டார், வண்டி பிரேக்டவுன், வேற வண்டி அனுப்பியிருக்கோம், கப்பல் கட்-ஆஃப் (சரக்கைப் போர்ட்ல சேக்க வேண்டிய கடைசி நேரம்) நாலு மணிக்குன்னு என்ன சொன்னாலும், மறுபடி முழுசா வெரிஃபை பண்ற வரைக்கும் லோடு இல்ல. இந்த முடிவை கேட்டுல நிக்கிற செக்யூரிட்டியோட தலையில கட்டிடாதீங்க, மேல இருந்து மேனேஜர் "பரவால்ல விடு"ன்னு ஒரு போன் போட்டா அவரால என்ன பண்ண முடியும். வெரிஃபை பண்ணாம விடச் சொல்ற அதிகாரம் யாருக்கும் கிடையாதுன்னு மேனேஜருக்கும் சேத்து எழுதி வையுங்க.

இன்னொண்ணு, எந்த நாள், எந்த நேரம், என்ன சரக்கு போகுதுங்கிற தகவல் எத்தனை பேருக்குத் தெரியுதுன்னு யோசிங்க. டிஸ்பாட்ச் ஷெட்யூலை சுவர்ல ஒட்டி வைக்கிற ஆபீஸ் நிறைய இருக்கு. பல திருட்டுல உள்ள இருந்து தகவல் போயிருக்கும், அதுக்காக எல்லாரையும் சந்தேகப்படணும்னு இல்ல, தேவை இல்லாதவங்களுக்குத் தெரியாம இருந்தாலே போதும்.

4. காலி கன்டெய்னரை வாங்குறதுக்கு முன்னாடி

காலிதானேன்னு நேரா லோடிங் ஆரம்பிச்சுடாதீங்க. ஏழு இடம் பாக்கணும்: முன் சுவர், இடது பக்கம், வலது பக்கம், தரை, கூரை, கதவு உள்ளயும் வெளியயும், அப்புறம் வண்டிக்கு அடியில. அமெரிக்கா 2001 தாக்குதலுக்கு அப்புறம் அதே வருஷம் கொண்டு வந்த சி-டிபாட் (தீவிரவாதத்துக்கு எதிரா கஸ்டம்ஸும் வியாபாரக் கம்பெனிகளும் சேந்து செய்யுற) திட்டத்துல இருந்து பரவலான முறை இது, இப்ப பல நாட்டுலயும் இந்த ஏழு-பாயின்ட் செக்லிஸ்ட் புழக்கத்துல இருக்கு.

எப்படிப் பாக்குறதுன்னா, அளவு டேப் எடுத்துட்டுப் போங்க. 20 அடி கன்டெய்னர் உள்ள நீளம் கிட்டத்தட்ட 5.9 மீட்டர் இருக்கணும், 40 அடின்னா 12 மீட்டர். நல்லாவே குறையுதுன்னா முன்னாடி போலிச் சுவர் இருக்கலாம். சுவரைத் தட்டிப் பாருங்க, ஒரு இடத்துல மட்டும் சத்தம் மாறுதா. கூரையிலயோ தரையிலயோ புது வெல்டிங், புது பெயின்ட் வாசனை, ஒட்டுப் போட்ட பசை இதெல்லாம் இருந்தா நின்னு கேளுங்க. அப்புறம் ஒருத்தர் வெளிய நிக்க இன்னொருத்தர் உள்ள போயி கதவைச் சாத்திப் பாக்கணும், எங்கயாவது வெளிச்சம் உள்ள வந்துச்சுன்னா அங்க தண்ணியும் வரும்.

கதவுதான் முக்கியம். கைப்பிடியைப் பிடிச்சிருக்குற ரிவெட்டை எடுத்துட்டு அங்க நட்டு-போல்டு மாட்டி அதே கலர் பெயின்ட் அடிச்சு வச்சிருப்பாங்க, அப்படி இருந்தா உங்க சீல் உடையாமலே கைப்பிடிய மொத்தமா கழட்டி கதவைத் திறந்து எடுத்துட்டு திரும்ப மாட்டிடலாம். சீல் பத்திரமா இருக்கும், சரக்கு இருக்காது. ரிவெட், கீல், லாக்கிங் ராடு ஒவ்வொண்ணையும் கையால தொட்டு ஆட்டிப் பாருங்க.

கன்டெய்னர் நம்பரையும் பாருங்க. நாலு எழுத்து, ஆறு எண், கடைசியா தனியா கட்டத்துக்குள்ள ஒரு எண், மொத்தம் 11. அந்தக் கடைசி எண் முன்னாடி இருக்குற பத்தையும் வச்சு ஐஎஸ்ஓ 6346 கணக்குப்படி வர்றது, சும்மா ஒரு நம்பரை எழுதி ஒட்டியிருந்தா கணக்கு பெரும்பாலும் இடிக்கும். போன்லயே செக் பண்ற கால்குலேட்டர் இருக்கு, அரை நிமிஷ வேலை.

5. ஏத்துறது

பாதுகாப்புன்னதும் திருட்டை மட்டும் யோசிக்கிறோம், ஆனா கட்டாம விட்ட சரக்கு உள்ளயே உருண்டு உடைஞ்சு போறதும் நஷ்டம்தான். ஐஎம்ஓ (சர்வதேச கடல்சார் அமைப்பு), ஐஎல்ஓ (சர்வதேச தொழிலாளர் அமைப்பு), ஐநா ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் மூணும் சேந்து, கன்டெய்னர்லயும் வண்டியிலயும் சரக்கை எப்படி ஏத்திக் கட்டணும்னு 2014ல வெளியிட்ட சிடியு கோடுன்னு ஒண்ணு இருக்கு, அதோட கணக்குப்படி ரோட்டுல பிரேக் அடிக்கும்போது சரக்கு அதோட எடையில 0.8 மடங்கு விசையோட முன்னாடி தள்ளும், பக்கவாட்டுல 0.5. கடல்ல மோசமான நிலையில பக்கவாட்டுலயே 0.8 வரைக்கும் போகும். அதாவது 10 டன் மெஷின்னா 8 டன் அளவுக்குத் தள்ளுறதை உங்க கட்டும், தரையோட உராய்வும் சேந்து தாங்கணும். ரெண்டு நைலான் கயித்தைக் குறுக்க கட்டிட்டு கதவைச் சாத்துறவங்க இதை ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாக்கணும்.

நீளத்துல ஒரு பாதிக்குள்ள மொத்த எடையில 60 சதவீதத்துக்கு மேல வராம பரப்பி வையுங்க. பெட்டிகளுக்கு நடுவுல இடைவெளி எல்லாம் கூட்டி 15 சென்டிமீட்டருக்கு மேல போகக்கூடாது, போனா ஏர்பேகோ மரக்கட்டையோ வச்சு அடைங்க. கதவு மேல சரக்கு சாயுற மாதிரி விடவே கூடாது, அந்தப் பக்கம் திறக்குற ஆள் மேல விழும்.

எடையையும் சரியா சொல்லணும். 2016 ஜூலை 1ல இருந்து கப்பல்ல ஏத்துற ஒவ்வொரு லோடு கன்டெய்னருக்கும் விஜிஎம், அதாவது சரிபார்த்த மொத்த எடை, குடுத்தே ஆகணும். முழுசா எடை மேடையில போட்டுக் குடுக்கலாம், இல்லைன்னா உள்ள வச்ச எல்லாத்தையும் தனித்தனியா எடை போட்டு கன்டெய்னர் எடையோட கூட்டலாம். நான் முதல் முறையைத்தான் சொல்லுவேன், ஏன்னா வழியில எங்க திரும்ப எடை போட்டாலும் ஒப்பிட ஒரு நம்பர் உங்ககிட்ட இருக்கும், திருட்டைக் கண்டுபிடிக்க இது பெரிய உதவி.

ஆபத்தான சரக்கை சாதா சரக்குன்னு டிக்ளேர் பண்றவங்களுக்கும், கெமிக்கலை அரைகுறையா பேக் பண்றவங்களுக்கும்: 2021ல கொழும்புக்குப் பக்கத்துல எரிஞ்சு மூழ்குன எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல்ல தீ பிடிக்கிறதுக்கு முன்னாடியே நைட்ரிக் ஆசிட் கன்டெய்னர் ஒண்ணு கசிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. ஒரு பெட்டி ஒழுகுறது அந்தப் பெட்டிக்காரரோட பிரச்சினையா மட்டும் நிக்காது.

ஏத்தும்போது போட்டோ: காலியா இருக்குறப்ப ஒண்ணு, பாதியில ஒண்ணு, முழுசா ஏத்துனதும் ஒண்ணு, ஒரு கதவு சாத்துனப்ப, ரெண்டும் சாத்தி சீல் போட்டப்ப. எல்லாத்துலயும் நேரம் தெரியணும்.

6. சீல்

ஐஎஸ்ஓ 17712 தரப்படி சீல் மூணு வகை, அதுல எச் வகைதான் ஹை செக்யூரிட்டி. வெளிநாட்டுக்குப் போற கன்டெய்னருக்கு அந்த எச் எழுத்து பொறிச்ச போல்ட் சீல்தான் போடணும், பிளாஸ்டிக் சீலெல்லாம் யாரோ திறந்தாங்கன்னு காட்ட மட்டும்தான் ஆகும், திறக்குறதைத் தடுக்காது. போல்ட் சீலும் பெரிய கட்டர் இருந்தா ஒரு நிமிஷத்துல போயிடும். அப்ப எதுக்குன்னா, வெட்டுனா திரும்ப அதே நம்பர்ல அவ்வளவு சுலபமா போட முடியாது, அந்த நம்பர்தான் அதோட பலம். அதனால நம்பரை யாரும் சரியா எழுதி வைக்கலைன்னா சீல் வெறும் இரும்புத் துண்டு.

வலது பக்கக் கதவுல போடுங்க, ஏன்னா அதைத் திறக்காம இடதைத் திறக்க முடியாது. போட்டதும் நாலு வேலை: கண்ணால பாக்கணும், நம்பரைப் பேப்பரோட ஒப்பிடணும், கீழ நல்லா இழுத்துப் பாக்கணும், திருகிப் பாக்கணும். கடைசி ரெண்டையும் யாரும் செய்யுறதில்ல. போல்ட்டை அறுத்து மரை வெட்டித் திரும்ப மாட்டி வச்சிருந்தா திருகும்போதுதான் கழண்டு கையோட வரும், பாக்குறதுக்கு ஒண்ணுமே தெரியாது. போல்ட்லயும் கீழ்க் குமிழ்லயும் ஒரே நம்பர் இருக்கான்னும் பாருங்க.

ஸ்டாக் சீலை மேஜை டிராயர்ல போட்டு வைக்காதீங்க. பூட்டி, ஒருத்தர் பொறுப்புல, ரெஜிஸ்டர்ல எழுதித்தான் வெளிய எடுக்கணும். சீலை டிரைவர்கிட்ட குடுத்து "நீயே போட்டுக்கப்பா"ன்னு சொல்றது சில இடத்துல சர்வ சாதாரணம், அப்படிச் செஞ்சா அந்த சீலுக்கு அர்த்தமே இல்ல. போட்ட நம்பரை பில் ஆஃப் லேடிங் (சரக்கை வாங்கிக்கிட்டதுக்குக் கப்பல் கம்பெனி குடுக்குற பேப்பர்), பேக்கிங் லிஸ்ட் ரெண்டுலயும் ஏத்துங்க, வாங்குறவருக்குத் தனியா மெயில்லயும் அனுப்புங்க. வழியில கஸ்டம்ஸ் செக் பண்ண சீலை வெட்டுனா புது சீல் போடுவாங்க, பழைய நம்பர், புது நம்பர், யார் வெட்டுனாங்க, எப்பன்னு எழுத்துல வாங்கணும்.

7. வழியில

லாரிய நோட்டம் விடுறவன் உங்க கேட்டுலருந்தே பின்னாடி வருவான், டிரைவர் முதல் டீக்கு நிக்கிற இடத்துக்காகக் காத்திருப்பான். அதனால டீசல், சாப்பாடு, பாத்ரூம் எல்லாம் லோடு ஏத்துறதுக்கு முன்னாடி முடிச்சுட்டு கிளம்பி முதல் சில மணி நேரம் நிக்காமப் போறது நல்லது. நிக்க வேண்டிய இடத்தை முன்கூட்டியே முடிவு பண்ணுங்க, வெளிச்சம், வேலி, ஆள் இருக்குற பார்க்கிங், கதவை சுவரை ஒட்டி வச்சு நிறுத்தணும். தார்ப்பாய் மூடுன வண்டின்னா ஒரு கத்தி போதும், விலை உயர்ந்த சரக்கை அதுல அனுப்பவே அனுப்பாதீங்க.

டிராக்கர்ல சிக்னல் நின்னா "நெட்வொர்க் இல்லாத ஏரியா போல"ன்னு விட்டுடாதீங்க, ஜாமர் வச்சு சிக்னலை அடைக்கிறது சல்லிசான வேலை. சிக்னல் போய் இத்தனை நிமிஷத்துக்குள்ள யார் யாருக்குக் கூப்பிடணும், டிரைவர் எடுக்கலைன்னா அடுத்து யாருன்னு முன்னாடியே எழுதி, ராத்திரி ஷிஃப்ட்ல இருக்குற ஆளுக்கும் தெரியணும். பாக்க ஆள் இல்லாத ஜிபிஎஸ் வண்டி எந்த ரூட்ல காணாமப் போச்சுன்னு மறுநாள் காட்டும், அவ்வளவுதான்.

8. போர்ட், பின் நம்பர், கம்ப்யூட்டர்

இப்ப நிறைய போர்ட்ல பேப்பர் இல்லாம ஒரு பின் நம்பரை வச்சே கன்டெய்னரை எடுத்துட்டுப் போயிடலாம். ஆன்ட்வெர்ப் துறைமுகத்துல கடத்தல்காரங்க ஹேக்கர்களை வச்சு கன்டெய்னர் எங்க இருக்கு, ரிலீஸ் விவரம் என்னன்னு திருடி, உண்மையான ஓனர் வர்றதுக்கு முன்னாடியே தங்களோட டிரைவரை அனுப்பி எடுத்துட்டுப் போனது 2013ல வெளிய வந்துச்சு. பின்னை ஏடிஎம் பின் மாதிரி நினைங்க, பத்துப் பேர் இருக்குற வாட்ஸ்அப் குரூப்ல போடுற பழக்கத்தை விடுங்க, எடுக்கப் போற நேரத்துல எடுக்கப் போறவருக்கு மட்டும் குடுங்க.

2017 ஜூன்ல நாட்பெட்யா வைரஸ் வந்து மெர்ஸ்க் மாதிரி பெரிய கப்பல் கம்பெனியோட டெர்மினல்களே ஸ்தம்பிச்சுது. அந்த மாதிரி நேரத்துக்கு உங்க ஷிப்மென்ட் பேப்பர்கள், சீல் நம்பர், போட்டோ எல்லாம் இன்னொருத்தரோட சிஸ்டத்தை நம்பாம உங்ககிட்டயும் தனியா ஒரு காப்பி இருக்கட்டும்.

9. இறக்குறது

கன்டெய்னர் வந்ததும் கட்டரைத் தூக்கிட்டு ஓடாதீங்க. சீல் நம்பரைப் பாருங்க, இழுங்க, திருகுங்க, போட்டோ எடுங்க, டிரைவர் கூடவே நிக்கும்போது. நம்பர் மாறியிருந்து அதுக்குக் கஸ்டம்ஸ் பேப்பரும் இல்லைன்னா திறக்காதீங்க. உள்ள சரக்கு குறைஞ்சிருக்குங்கிறது மட்டும் இல்ல பயம், உங்களுக்குத் தெரியாம போதைப் பொருள் பையை கதவுகிட்ட வச்சு டூப்ளிகேட் சீல் போட்டு அனுப்பி இந்தப் பக்கம் எடுத்துக்கிற ஆளுங்க இருக்காங்க. கஸ்டம்ஸுக்கும் போலீசுக்கும் சொல்லிட்டு அவங்க வந்தப்புறம்தான் கை வைக்கணும்.

திறக்கும்போது கதவுக்கு நேரா நிக்காம ஒதுங்கி நின்னு மெதுவா திறங்க. புகை போட்ட கன்டெய்னர்னா உள்ள விஷவாயு தங்கியிருக்கும், எச்சரிக்கை ஸ்டிக்கர் இருந்தா வாயு அளவைச் சோதிக்கிற வரைக்கும் யாரும் உள்ள போகக்கூடாது, ஸ்டிக்கர் இல்லைன்னாலும் கொஞ்ச நேரம் காத்தாட விடுறது நல்லது.

பெட்டிய எண்ணுறதோட நிறுத்தாம சிலதை எடை போடுங்க, எண்ணிக்கை சரியா இருக்கும், உள்ள பாதி காலியா இருக்கும். குறை இருந்தா டெலிவரி பேப்பர்ல அதை அப்படியே எழுதுங்க: "3 பெட்டி குறைவு, 2 பெட்டி நனைஞ்சிருக்கு, சீல் நம்பர் இது"ன்னு. "பின்னர் சரிபார்க்கப்படும்"னு பொதுவா எழுதுறது பல இடத்துல செல்லுபடியாகாது. டிரைவர் அவசரப்படுத்துவார், படுத்தட்டும்.

வெளிய தெரியாத சேதத்துக்கு எழுத்துப்பூர்வமா நோட்டீஸ் குடுக்க கெடு இருக்கு. ஹேக்-விஸ்பி விதிகள் பொருந்துற கடல் சரக்குக்கு டெலிவரி ஆன 3 நாள், கேஸ் போட 1 வருஷம். ஐரோப்பிய ரோடு சரக்குக்கான சிஎம்ஆர்ல 7 நாள், ஞாயிறும் அரசு விடுமுறையும் கணக்குல வராது. விமான சரக்குக்கு மான்ட்ரியல் ஒப்பந்தப்படி சேதத்துக்கு 14 நாள். இன்சூரன்ஸ் சர்வேயர் வர்ற வரைக்கும் டேமேஜ் ஆனதைத் தூக்கிப் போட்டுடாதீங்க, வெட்டுன சீலையும் கவர்ல போட்டு தேதி எழுதி வையுங்க.

10. இன்சூரன்ஸ், ஆனா எந்த இன்சூரன்ஸ்

"சிஐஎஃப்ல (சரக்கு விலை, இன்சூரன்ஸ், கப்பல் கூலி மூணும் சேந்த விலைக்கு) வாங்கியிருக்கோம், இன்சூரன்ஸ் அவங்களே போட்டுட்டாங்க"ன்னு நிம்மதியா இருக்குறவங்க பாலிசியை எடுத்துப் படிங்க. இன்கோடெர்ம்ஸ் 2020 (யார் எதுக்குப் பொறுப்புன்னு சொல்ற சர்வதேச வியாபார விதிகள்) படி சிஐஎஃப்ல விக்கிறவர் குறைந்தபட்ச கவர் எடுத்தாப் போதும், அதாவது இன்ஸ்டிடியூட் கார்கோ க்ளாசஸ் சி-ங்கிற பாலிசி விதிகள். அதுல தீ, கப்பல் மூழ்குறது, வண்டி கவுறது மாதிரி பெரிய விபத்துதான் வரும், திருட்டு வராது. சிஐபி (கூலியும் இன்சூரன்ஸும் விக்கிறவர் கட்டிடுற) டெர்ம்ல வாங்கினா விக்கிறவர் க்ளாசஸ் ஏ எடுத்தாகணும், அதுல திருட்டும் வரும். சிஐஎஃப்லயே வாங்குறீங்கன்னா ஏ கவர் வேணும்னு கான்ட்ராக்ட்ல எழுதுங்க, இல்ல தனியா நீங்களே போடுங்க. ஆனா ஏ கவர்லயும் பேக்கிங் சரியில்லாததால வந்த சேதத்துக்குக் காசு வராது, அந்த விதிவிலக்கு பாலிசியிலயே அச்சடிச்சு இருக்கும். அஞ்சாவது படியில எடுத்த லோடிங் போட்டோவை சர்வேயர் முதல் நாளே கேப்பார், அதனால தேதி வாரியா ஃபோல்டர் போட்டு இப்பவே அடுக்கி வையுங்க.